கல்விக் கடனின்றிப் பட்டப்படிப்பு

கல்விக் கடனின்றிப் பட்டப்படிப்பு என்பது, கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் மீதோ அவருடைய குடும்பத்தின் மீதோ அப்படிப்பின் பொருட்டு வாங்கப்பட்ட கடன் எதுவும் எஞ்சியிராத நிலையைக் குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது சிக்கனம், பகுதிநேர வேலை, உதவித்தொகை ஆகியவற்றின் துணையால் தனிமனிதர் அடையும் ஒன்றாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கு ஒரு மாணவர் கடனின்றிப் படிப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை இரண்டு: அவர் எவ்வகைப் பள்ளியில் படித்தார் என்பதும், கல்லூரியில் எவ்வழியாக இடம் பெற்றார் என்பதும். இவ்விரண்டுமே கல்லூரிக் கட்டணம் கேட்கப்படுவதற்கு முன்னரே முடிந்துவிடும் செயல்கள்.

இக்கட்டுரை நாமக்கல் மாவட்டத்திலுள்ள புதுச்சத்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது (கடலூர் மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, அது வேறு). சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இல், இராசிபுரம் பிரிவைக் கடந்தபின் அமைந்துள்ள இவ்வூர், அதே பெயருடைய ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். 2013 இல் திறக்கப்பட்ட சேலம் – கரூர் தொடருந்துப் பாதையும் இவ்வழியே செல்கின்றது. நிலக்கடலை, மரவள்ளி, சின்ன வெங்காயம் ஆகியவை இப்பகுதியின் பயிர்கள். கோழிப் பண்ணைகளும் சரக்குந்துத் தொழிலும் மற்ற வருவாய்கள். இக்குடும்பங்கள் பலவற்றுக்கு வருமானம் உண்டு; ஆனால் அது மாதச் சம்பளமாக வருவதில்லை. மரவள்ளிக் கிழங்கின் விலையும் முட்டையின் விலையும் ஏறி இறங்கும். கல்லூரிக் கட்டணம் அவற்றைப் பார்த்து இறங்குவதில்லை.

கடன் என்பதில் அடங்குபவை

அரசு அறிக்கைகளிலும் நாளிதழ்களிலும் 'கல்விக் கடன்' எனப்படுவது வங்கிகள் அப்பெயரில் வழங்கும் கடன் மட்டுமே. சிற்றூர்க் குடும்பங்களின் உண்மையான கணக்கு இதைவிடப் பெரியது. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துதல் மிகப் பரவலான முறை. ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்பதால், மூன்று ஆண்டுப் படிப்பு முடிந்த பிறகும் நகை வீடு திரும்பாதிருப்பது உண்டு. ஏலச்சீட்டைத் தொடக்க மாதங்களிலேயே அதிகத் தள்ளுபடிக்கு எடுத்தல், உறவினரிடம் கைமாற்று, நிலத்தைப் போக்கியத்துக்கு விடுதல், மாத வட்டிக்கு வாங்குதல் ஆகியவையும் கல்லூரிக்காக வாங்கப்படும் கடன்களே. இவை வங்கிகளின் கல்விக் கடன் புள்ளிவிவரத்தில் பதிவாவதில்லை. ஆகவே 'வங்கிக் கடன் வாங்காமல் மகனைப் படிக்க வைத்தேன்' என ஒருவர் கூறுவதைக் கடனின்றிப் படிக்க வைத்ததாகக் கொள்ள இயலாது. நகைக் கடனின் வட்டி சில நேரங்களில் கல்விக் கடனின் வட்டியைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் படிப்பு முடியும்வரை தவணை கேட்காமல் பொறுத்திருக்கும் ஏற்பாடு அதில் கிடையாது.

வரலாறு

புதுச்சத்திரம் என்னும் பெயருக்குப் புதிய சத்திரம் என்பது பொருள். சத்திரங்கள் வழிப்போக்கர் தங்கி உண்ணும் இடங்கள் மட்டுமல்ல. தமிழகத்தில் ஏழை மாணவர்கள் படித்த வரலாற்றிலும் அவற்றுக்கு இடமுண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரத்தில் பயணிகளுக்கு உணவளிக்கப்பட்டதோடு, மாணவர்களுக்கு உணவும் கல்வியும் சேர்த்தே வழங்கப்பட்டன. பிற்காலத்தில் நகரப் பள்ளிகளில் படிக்க வந்த பிராமண மாணவர் பலர் 'வாரச் சாப்பாடு' என்ற முறையில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வீடு என உண்டு படித்தனர். இவ்வுதவிகள் பெரும்பாலும் சாதி எல்லைக்குள் நின்றவை. சத்திரத்தின் பந்தியில் எல்லோரும் அமர இயலவில்லை என்பதைக் குறிப்பிடாமல் இம்முறையைப் புகழ்வது முறையாகாது.

தனியார் கொடையால் அமைந்த கல்விக்கு முதன்மையான எடுத்துக்காட்டு பச்சையப்பர் அறக்கட்டளை. பச்சையப்ப முதலியார் 1794 இல் காலமானார். அவருடைய உயிலின்படியான பணம் நெடுங்காலம் வழக்கில் சிக்கியிருந்து, 1842 இல் சென்னையில் ஒரு பள்ளியாக உருவெடுத்தது. அது 1889 இல் கல்லூரியாக உயர்ந்தது.

கொடையிலும் கட்டுப்பாடு இருக்கலாம் என்பதற்கு அம்பேத்கர் வரலாறு சான்று. பரோடா மன்னர் சாயாசிராவ் கெயிக்வாட் வழங்கிய உதவித்தொகையில் அவர் 1913 இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அங்குப் பணியேற்ற அவருக்குத் தங்குவதற்கு வீடுகூடக் கிடைக்காதபடி தீண்டாமை தடுத்தது; பணியைக் கைவிட்டு அவர் மும்பைக்குத் திரும்ப நேர்ந்தது. உதவித்தொகை என்று பெயர் இருந்தாலும், நிறைவேற்ற முடியாத நிபந்தனை சேர்ந்தால் அதுவும் கடனின் தன்மையைப் பெற்றுவிடும்.

விடுதலைக்குப் பின், காமராசர் ஆட்சிக் காலத்தில் பள்ளிக் கல்வி படிப்படியாகக் கட்டணமற்றதாக்கப்பட்டது. கல்லூரி அளவில் முக்கியமான மாற்றம் 2007-08 கல்வியாண்டில் நிகழ்ந்தது: அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்புக்கான கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது. இதற்கு எதிர்த்திசையில் செல்லும் மற்றொரு வரலாறும் உண்டு. 1984 இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இசைவு வழங்கப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கொங்குப் பகுதி இவ்வகைக் கல்லூரிகள் செறிந்த பகுதிகளுள் ஒன்றாயிற்று. நெடுஞ்சாலையில் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே பேருந்தில் செல்பவர் சாளரம் வழியாகவே இதைக் காணலாம். இடங்கள் பெருகியபோது அவற்றை நிரப்பப் பணமும் தேவைப்பட்டது. இந்திய வங்கிகள் சங்கம் 2001 இல் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் அத்தேவைக்கு வழி திறந்தது. பின்வந்த ஆண்டுகளில் கல்விக் கடன் பெறுவதில் தமிழ்நாடும் கேரளமும் நாட்டில் முன்னணியில் நின்றன.

வங்கிக் கடன் செயற்படும் முறை

மாதிரித் திட்டத்தின்படி 4 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடோ மூன்றாமவர் பிணையோ தேவையில்லை; பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். அதற்கு மேல் 7.5 இலட்சம் வரை மூன்றாமவர் பிணை முன்பு கேட்கப்பட்டது; அதற்கும் மேல் சொத்து ஈடு கேட்கப்படும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. இச்சலுகைக் காலத்தை வட்டியில்லாக் காலம் எனப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். தவணைதான் இல்லை, வட்டி முதல் நாளிலிருந்தே ஏறுகின்றது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 இலட்சம் வீதம் 4 இலட்சம் பெறப்படுகின்றது எனவும், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு எனவும் கொள்வோம். சலுகைக் காலத்தில் தனிவட்டியே கணக்கிடப்படும். முதல் இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்தவற்றுக்கு முறையே 40,000, 30,000, 20,000 என மொத்த வட்டி 1,40,000 ஆகின்றது. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. இதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 7,136 ரூபாய். செலுத்தும் மொத்தத் தொகை 8,56,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும்போதே வட்டியை அவ்வப்போது செலுத்திவந்தால் அசல் 4 இலட்சமாகவே நிற்கும். தவணை 5,286 ரூபாயாகக் குறையும். முன்பே கட்டிய வட்டியையும் சேர்த்து மொத்தச் செலவு ஏறத்தாழ 82,000 ரூபாய் மிச்சமாகும். பதினைந்தாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ அறை எடுத்துத் தங்கும் புதிய பட்டதாரிக்கு 7,136 என்பது சம்பளத்தில் ஏறத்தாழ பாதி.

நடுவண் அரசின் வட்டி மானியத் திட்டம் 2009-10 இல் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்கு மிகாதவர்கள் தொழிற்படிப்புக்காக வாங்கிய கடனுக்குச் சலுகைக் கால வட்டியை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். மேற்கண்ட கணக்கில் 1,40,000 ரூபாய் முழுவதையும் இது துடைத்துவிடும். எனினும் வங்கி இம்மானியத்தைக் கோர வேண்டும். வருமானச் சான்று உரிய காலத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 2018 இல் இது தரமதிப்பீடு பெற்ற நிறுவனங்களுக்கும் படிப்புகளுக்கும் மட்டும் எனச் சுருக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் உயர்ந்த நிறுவனங்களில் சேர்வோருக்கானது. அதில் குடும்ப வருமானம் 8 இலட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 இலட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. சிறிய சுயநிதிக் கல்லூரிகளில் படிப்போர் பலருக்கு இவ்விரண்டும் எட்டாதவை. கடன் அடைப்பதற்கு மிகவும் துன்பப்படுவோரும் பெரும்பாலும் அவர்களே.

ஆறாம் வகுப்பில் தொடங்கும் கணக்கு

தமிழ்நாட்டில் 2020 க்குப் பின் வந்த உயர்கல்வி உதவிகளுள் பெரியவை ஒரே நிபந்தனையைச் சுற்றி அமைந்துள்ளன: மாணவர் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்நிபந்தனையின் விளைவை இப்பகுதியில் போல வேறெங்கும் கூர்மையாகக் காண்பது அரிது.

2020 இல் இயற்றப்பட்ட சட்டம் மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. 2021 இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இது விரிவாக்கப்பட்டது. இடத்தைக் காட்டிலும் பெரிய செய்தி கட்டணத்தில் இருந்தது. இவ்வொதுக்கீட்டில் சேரும் பொறியியல் மாணவர்களின் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் அரசே ஏற்கும் என 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு. க. இசுட்டாலின் அறிவித்தார். மருத்துவ மாணவர்களுக்கு இதைப் போன்ற ஏற்பாடு முந்தைய ஆட்சியிலேயே 2020 இல் செய்யப்பட்டிருந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகத்தில் தொடங்கியது.

மறுபுறம், நாமக்கல் மாவட்டம் 2000களில் தமிழகம் முழுவதும் பெயர் பெற்றது தனியார் உறைவிடப் பள்ளிகளால். தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டபின், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் ஒன்றே அளவுகோலாயிற்று. அதன் விளைவாக, மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதில் தேர்ச்சி பெற்ற இப்பள்ளிகளுக்குத் தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் நடத்தப்படுவது குறித்துக் கல்வியாளர்கள் கடுமையாகக் குறை கூறினர். 2017 இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு நடைமுறைக்கு வந்ததும், அதே ஆண்டில் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டதும் இம்முறையின் கவர்ச்சியைக் குறைத்தன. பல பள்ளிகள் நீட் பயிற்சிக்குத் திரும்பின.

புதுச்சத்திரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் உள்ளூர் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து உறைவிடப் பள்ளியில் இரண்டாண்டுகள் சேர்க்கும்போது நிகழ்வது என்ன? பள்ளிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் நகைக் கடனாகவோ சீட்டாகவோ மாறுகின்றன. இது தெரிந்த செலவு. தெரியாத செலவு, ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற தொடர்ச்சி அறுந்துபோவதால் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் அதனோடு வரும் நான்காண்டுக் கட்டண விலக்கும் நிரந்தரமாகக் கைநழுவுதல். கல்லூரியில் சேர்வதற்கு முன்பே ஒரு கடன் ஏறி, கல்லூரியில் ஏறியிருக்க வேண்டாத கடனுக்கும் அதே முடிவு வழிவகுக்கின்றது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மட்டும் விலக்கு உண்டு.

அரசுப் பள்ளியில் தொடர்ந்தால் இடம் உறுதி என்று இதற்குப் பொருளில்லை. ஒதுக்கீட்டுக்குள்ளும் போட்டி உண்டு. எனினும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளி மாற்றும் முடிவை எடுக்கும் பெற்றோரிடம் இவ்விழப்பை எவரும் எண்களால் எடுத்துரைப்பதில்லை. பள்ளி விளம்பரத்தில் தேர்ச்சி விழுக்காடு மட்டுமே இருக்கும்.

இவ்வேற்பாட்டின் மீது முறையான குறைகூறல் ஒன்று உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளில், அதே வறுமையில், அதே ஊர்த் தெருவிலிருந்து சென்று படித்தோர் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கப்படவில்லை. மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஏப்பிரலில் செல்லத்தக்கது என உறுதிசெய்தது. மாத உதவித்தொகைத் திட்டங்களில் மட்டும் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டனர்.

கலந்தாய்வும் நிர்வாக ஒதுக்கீடும்

பள்ளியை அடுத்து, கல்லூரியில் சேரும் வழி. ஒரே சுயநிதிப் பொறியியல் கல்லூரியில், ஒரே வகுப்பில், ஒரே இருக்கையில் அமரும் இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்துவது தமிழ்நாட்டில் இயல்பு. 2017 இல் கட்டண நிர்ணயக் குழு அறிவித்த உச்சவரம்பின்படி, அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரமதிப்பீடு பெற்ற படிப்பெனில் 55,000 ரூபாய்; நிர்வாக ஒதுக்கீட்டில் முறையே 85,000, 87,000 ரூபாய். கட்டாய நன்கொடை 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

கட்டண வேறுபாட்டைவிடப் பெரியது உதவிகளின் வேறுபாடு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010-11 முதல் சாதி, வருமானம் பாராமல் வழங்கப்பட்டது. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தோருக்கு மட்டும். குடும்பத்தில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்கு இச்சலுகை இல்லை. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான நடுவண் அரசின் மேற்படிப்பு உதவித்தொகை, குடும்ப வருமானம் 2.5 இலட்சத்துக்கு மிகாதோரின் கட்டாயக் கட்டணங்களை ஏற்கும் வலுவான திட்டம். இதிலும் 2018 ஆம் ஆண்டு நெறிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோரை விலக்கிவிட்டன. 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் கலந்தாய்வில்தான் உண்டு.

ஆகவே மேல்நிலைத் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே ஒரு கல்லூரிக்குச் சென்று முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்துகொள்ளும் குடும்பம், இவையனைத்தையும் ஒரே நாளில் இழந்துவிடக்கூடும். அக்கல்லூரியிலேயே அதே பாடப்பிரிவு சில வாரங்கள் கழித்துக் கலந்தாய்வில் கிடைத்திருக்க வாய்ப்புண்டு. பல சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ஆண்டுதோறும் காலியாகவே கிடக்கின்றன. 'இடம் போய்விடும்' என்ற அச்சமே இங்குக் கடனின் தொடக்கம். முன்பணம் வாங்குவோர் இவ்வச்சத்தை நன்கறிவர்.

எட்டும் தொலைவிலுள்ள கல்லூரிகள்

புதுச்சத்திரத்தில் வசித்தபடியே பேருந்தில் சென்று படிக்கக்கூடிய அரசுக் கல்லூரிகள் பல உள்ளன. வடக்கே அண்டகளூர் பிரிவில் இராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி. தெற்கே நாமக்கல்லில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பெயரிலான அரசு மகளிர் கலைக் கல்லூரியும். இவை 1997 இல் நிறுவப்பட்ட சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. கற்பிப்புக் கட்டணம் இல்லாததால் சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், மதிய உணவு ஆகியவையே செலவு. அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் அனைவருக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பைக் கடனின்றி முடிக்க இதைவிட எளிய வழி இல்லை. வணிகவியல், கணினி அறிவியல் போன்ற பாடங்களுக்கு இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுதி என்பதே இடர்.

தொழிற்படிப்புகளில், சேலம் கருப்பூரிலுள்ள அரசு பொறியியல் கல்லூரி 1966 இல் தொடங்கப்பட்டது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதலும், அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டதிலிருந்தும் இயங்கிவருகின்றன. இவற்றின் கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தின் சிறு பகுதியே.

தொலைவிலுள்ள கல்லூரியில் இடம் கிடைத்தால், விடுதிச் செலவு கற்பிப்புக் கட்டணத்தை விஞ்சிவிடும். அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் தொலைவு இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. 2025 சூலையில் இவ்விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்ற பொதுப் பெயர் அறிவிக்கப்பட்டது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் கட்டணம் பெரிதாகத் தோன்றினும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆண்டு வருமானம் 1 இலட்சத்துக்கு உட்பட்டோர் ஆகியோருக்கு 2016 இல் கற்பிப்புக் கட்டணம் முழுவதும் விலக்கப்பட்டது. 1 முதல் 5 இலட்சம் வரையிலானோருக்கு மூன்றில் இரண்டு பங்கு. தனியார் அறக்கட்டளைகளுள், நடிகர் சூர்யா 2006 இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, அரசுப் பள்ளியில் படித்த முதல் தலைமுறை மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரிக் கல்விக்கு உதவிவருகின்றது.

உதவித்தொகையின் காலதாமதம்

உதவித்தொகைக்குத் தகுதி இருப்பதும் அது கையில் கிடைப்பதும் வேறு வேறு. கட்டணம் சேர்க்கையின்போது கேட்கப்படுகின்றது. உதவித்தொகை ஆண்டின் இறுதியிலோ அடுத்த ஆண்டிலோ வருவதுண்டு. இடைவெளியை நிரப்பக் குடும்பம் கடன் வாங்கினால், பின்னர் வரும் உதவித்தொகை அசலை மட்டும் அடைக்கும். வட்டி குடும்பத்தின் பொறுப்பு. சில கல்லூரிகள் உதவித்தொகை வரும்வரை காத்திருக்கின்றன, சில காத்திருப்பதில்லை. சேரும் முன்பே இதைக் கேட்டு எழுத்தில் பெறுவது நலம்.

தாமதத்துக்கான காரணங்களுள் சில மாணவர் கையிலேயே உள்ளன. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படிகளைக் கடந்து வர வேண்டியவை. தேர்வு முடிவு வந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் சூன் மாதத்தில் நெரிசல் ஏற்படுகின்றது. வருமானச் சான்று குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். நான்காண்டுப் படிப்புக்கு மீண்டும் பெற வேண்டிவரும். வங்கிக் கணக்கில் ஆதார் எண் இணைக்கப்படாமல் தொகை திரும்பிச் செல்வதும் உண்டு. விவசாயக் குடும்பங்களில் நிலம் தாத்தா பெயரில் இருக்க, வருமானத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்ற கேள்வியும் எழுகின்றது.

வேலை செய்துகொண்டே படித்தல்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்திலுள்ள பெரியா கல்லூரி 1892 முதல் மாணவர்களிடம் கற்பிப்புக் கட்டணம் பெறுவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரி வளாகத்தில் வாரந்தோறும் சில மணிநேரம் வேலை செய்கின்றனர். இந்தியாவில் இத்தகைய அமைப்பு அரிது. அரசு கலைக் கல்லூரிகளில் காலை, மாலை எனச் சுழற்சி முறை நடைபெற்ற ஆண்டுகளில், பாதி நாள் வகுப்பும் பாதி நாள் கடை, பட்டறை வேலையுமாகப் படித்தோர் பலர்.

கொங்குப் பகுதியில் வேரூன்றிய வேறொரு வழி பட்டயப் படிப்பு. பத்தாம் வகுப்புக்குப் பின் அரசு அல்லது அரசு உதவி பெறும் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் (சேலம் தியாகராசர் கல்லூரி இரண்டாம் வகையைச் சேர்ந்தது) மூன்றாண்டுப் பட்டயம் பெறுவோர், கலந்தாய்வு வழியே பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பொறியியலுக்கு நான்காண்டுக் கட்டணத்துக்குப் பதில் மூன்றாண்டுக் கட்டணமே ஆகும். பட்டயத்தோடு வேலைக்குச் சென்று, சேலம் அரசு பொறியியல் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகளில் மாலைநேரப் பகுதிநேரப் பட்டம் படிப்போரும் உண்டு. இது நீண்ட வழி. பகல் முழுவதும் பட்டறையில் நின்றவர் மாலையில் கணக்குப் பாடம் கேட்க வேண்டும். ஆனால் சம்பளம் முன்னே வந்து கட்டணம் பின்னே செல்லும் ஒரே வழியும் இதுவே.

பிற நாடுகள்

இலங்கையில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. 1981 இல் மகாபொல உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. அங்கு மாணவர் எதிர்கொள்ளும் சிக்கல் கடனன்று, இடமே: உயர்தரத் தேர்வில் தகுதி பெறுவோருள் ஒரு பகுதியினருக்கு மட்டுமே அரசுப் பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. செருமனியில் சில மாநிலங்கள் கொண்டுவந்த கட்டணம் 2014 க்குள் எல்லா மாநிலங்களிலும் கைவிடப்பட்டது. இங்கிலாந்து எதிர்த்திசையில் சென்றது. 1998 இல் கட்டணத்தை அறிமுகப்படுத்தி, 2012 இல் உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தியது. அமெரிக்காவில் மாணவர் கடன் 1.6 திரில்லியன் தாலரைத் தாண்டியது. அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் அரசுத் திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 சூனில் செல்லாததாக்கியது.

கடன் வாங்க வேண்டிய நிலை

கடனின்மை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது தவறான தேர்வுகளுக்கு இட்டுச் செல்லலாம். கற்பிப்புக் கட்டணமற்ற கல்லூரிகள் பலவற்றில் நிரந்தர ஆசிரியர் இடங்கள் காலியாக இருக்க, கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் நடைபெறுகின்றன. விருப்பமற்ற பாடத்தில் கடனின்றிப் பட்டம் பெற்று வேலையின்றி இருப்போரும் உளர். அரசு பொறியியல் அல்லது மருத்துவக் கல்லூரியில், தேசிய நிறுவனமொன்றில் இடம் கிடைத்து, விடுதிச் செலவுக்கு மட்டும் வழியில்லை எனில், கடனை அஞ்சி அவ்விடத்தைக் கைவிடுவது பொருத்தமன்று. அவ்வாறு கைவிடுவோருள் பெண்களே மிகுதி. அண்ணனுக்காக வாங்கப்படும் கடன் தங்கைக்காக வாங்கப்படுவதில்லை.

அத்தகைய நிலையில் நகைக்கும் மாத வட்டிக்கும் முன்னதாக வங்கிக் கல்விக் கடனை நாடுவது பொதுவாக நலம். அதற்கு மட்டுமே சலுகைக் காலமும் வட்டி மானியமும் உண்டு. 4 இலட்சத்துக்குட்பட்ட கடனுக்கு ஈடு கேட்கும் கிளையிடம் காரணத்தை எழுத்தில் கோரலாம். விண்ணப்பத்தை 2015 இல் தொடங்கப்பட்ட வித்யாலட்சுமி இணையவாயில் வழியாகப் பதிவு செய்தால் மறுப்பும் பதிவாகும். முழுத் தொகைக்கு இசைவு பெற்றிருந்தாலும், அவ்வாண்டுக்குத் தேவையானதை மட்டும் பெற்றுக்கொள்ள இயலும். பெறாத தொகைக்கு வட்டி இல்லை. உதவித்தொகை வந்து சேர்ந்தால் அதை அந்த ஆண்டே கடனில் கட்டிவிடலாம்.

தவறான இடத்தில் சேர்ந்துவிட்டோர் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்லூரிகள் மாணவரின் மூலச் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. குறித்த நாள்களுக்குள் விலகுவோருக்குக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். விலகும் நாள் தள்ளிப்போகுந்தோறும் திரும்பக் கிடைக்கும் பங்கு குறையும். வகுப்புச் சேர்க்கை முடிந்து ஒரு மாதம் கடந்தபின் எதுவும் கிடைக்காது.